இன்பொக்ஸுக்குப் பக்கத்தில் கலண்டர்: வன்னி அலுவலக மேசையில் நீண்டநாள் பாவனை

மின்னஞ்சலுக்குப் பக்கத்தில் கலண்டரைத் திறந்து வைப்பதன் பயன் ஒரு கணத்தில்தான் இருக்கிறது. "வரும் வியாழன் காலை 10 மணிக்கு வரமுடியுமா?" என்று வந்த கடிதத்துக்குப் பதில் எழுதும் கணம் அது. அந்த வியாழன் பௌர்ணமிப் போயா விடுமுறையா, ஏற்கெனவே முல்லைத்தீவில் ஒரு கூட்டம் இருக்கிறதா என்பது எழுதும் இடத்திலேயே கண்ணில் பட்டால், ஒப்புக்கொண்ட பிறகு மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதத் தேவையில்லை. மாதத் திட்டம் போட இந்தப் பக்கப்பலகை உதவாது. அதற்கு முழுக் கலண்டரைத்தான் திறக்கவேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் பாவிக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மூடிவிடுகிறார்கள்.

முதலில் ஜீமெயில். 2018இல் அதன் தோற்றம் மாறியபோது வலது ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களுடன் ஒரு பட்டை வந்தது. அதில் கலண்டர் படத்தை அழுத்தினால் அன்றைய நாள் திறக்கும். பட்டையே தெரியவில்லை என்றால் திரையின் வலது கீழ் மூலையில் சிறிய அம்புக்குறி இருக்கும், அதை அழுத்தவேண்டும். நிறுவனக் கணக்கில் அந்த அம்புக்குறியும் இல்லையென்றால், நிர்வாகி அதை நிறுத்தி வைத்திருக்கக்கூடும். உங்கள் கணினியில் குறை தேடிப் பயனில்லை.

பலகை தொடக்கத்தில் நாள் காட்சியில், மணிவாரியாக நீளும் கோடுகளுடன் திறக்கும். அதைவிட 'ஷெடியூல்' காட்சி நல்லது. வெற்று மணித்தியாலங்களை விட்டுவிட்டு, அடுத்தடுத்த நாட்களில் உள்ளவற்றை மட்டும் வரிசையாகக் காட்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாதவர்களுக்குப் பலகை வெறும் கோடு போட்ட தாள்தான்.

இட நெருக்கடி அடுத்த சிக்கல். இங்குள்ள அலுவலகங்களில் இன்னும் நிறைய மடிகணினிகள் 1366×768 திரைதான். பலகை திறந்தால் அகலத்தில் ஏறத்தாழக் கால்வாசி அதற்கே போய்விடும். அதோடு கடிதம் வாசிக்கும் பகுதியையும் வலப்பக்கத்தில் வைத்திருந்தால் திரை நான்கு துண்டாகும். கடிதத் தலைப்பில் இரண்டு சொல்தான் தெரியும். இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டை அழுத்தி இடப்பக்கப் பட்டியலைச் சுருக்குங்கள். பற்சக்கரப் படத்தை அழுத்தி, 'ரீடிங் பேன்' என்பதை இன்பொக்ஸுக்குக் கீழே மாற்றுங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள். பிறகு கன்ட்ரோலையும் கழித்தல் குறியையும் சேர்த்து அழுத்தி உருப்பெருக்கத்தை 90 வீதத்துக்கு இறக்குங்கள். 80க்கு இறக்கினால் தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் கலங்கத் தொடங்கும்.

இனி முக்கியமான விடயம்: பலகை தானாக நிரம்பாது. வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் அழைப்பில் கலண்டர் கோப்பு சேர்ந்தே வரும், ஒரு சொடுக்கில் ஏறிவிடும். நமக்கு வரும் கூட்ட அறிவித்தல்களில் பெரும்பகுதி கையொப்பமும் முத்திரையும் வைத்து ஸ்கான் செய்த பிடிஎஃப் கடிதம். இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் வந்த அதன் படம். அதற்குள் இருக்கும் திகதியைக் கலண்டர் எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக்கூடாது. காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டமோ ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டமோ, யாராவது கையால் பதிந்தால்தான் பலகையில் தெரியும். பதியாத பலகை வெறுமையாக இருந்து, "அன்றைக்கு ஒன்றும் இல்லை" என்று பொய் சொல்லும். பலகை இல்லாமல் இருப்பதைவிட அது மோசம். கடிதம் திறந்த கையோடு பதியவேண்டும். பிறகு பார்ப்போம் என்று விட்ட கடிதம் பிறகும் பதியப்படாது.

பதிவதற்கு இரண்டு வழி. பலகையில் உரிய மணியை அழுத்தித் தலைப்பை எழுதுவது ஒன்று. கடிதத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியில் 'கிரியேட் இவென்ட்' கொடுப்பது மற்றது. இரண்டாவது வழியில் கடிதத் தலைப்பே நிகழ்வின் தலைப்பாகும். கடித வாசகம் விபரப் பகுதியில் விழும். வசதிதான், ஆனால் கடிதத்தில் இருந்த முகவரிகளையும் விருந்தினராகச் சேர்த்துவிடும். சேமிக்கும்போது அழைப்பு அனுப்பவா என்று கேட்கும். யோசிக்காமல் 'சென்ட்' அழுத்தினால், பிரதேச செயலாளர் கூட்டிய கூட்டத்துக்கே அவருக்கு உங்கள் பெயரில் ஓர் அழைப்புப் போகும். சேமிக்கமுன் விருந்தினர் பெயர்களை நீக்கிவிடுங்கள். பிடிஎஃப் தேவையென்றால் அதைத் தனியே இணைக்கவேண்டும்.

இதற்கு எதிர்மாறான தொல்லையும் உண்டு: அழைக்காமலே நுழையும் நிகழ்வுகள். பரிசு விழுந்திருக்கிறது என்ற வகைக் குப்பை அழைப்புகள் இன்பொக்ஸைத் தாண்டிக் கலண்டரில் குந்திவிடும். முழுக் கலண்டரின் செட்டிங்ஸில் அழைப்புகளைச் சேர்ப்பது பற்றிய பகுதியில் மூன்று தெரிவுகள் இருக்கின்றன: எல்லோரிடமிருந்தும், தெரிந்தவர் அனுப்பினால் மட்டும், மின்னஞ்சலில் நான் பதிலளித்தால் மட்டும். மூன்றாவது கறாரானது, பதில் கொடுக்க மறந்தால் உண்மையான கூட்டமும் பலகையில் வராது. நாளாந்தப் பாவனைக்கு இரண்டாவது போதும்.

இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது: எந்த இன்பொக்ஸ் திறந்திருக்கிறதோ, அந்தக் கணக்கின் கலண்டர்தான் பக்கத்தில் வரும். சொந்தக் கணக்கில் பதிந்த பல் வைத்தியர் சந்திப்பு அலுவலகக் கணக்கில் தெரியாது. சொந்தக் கலண்டரின் பகிர்வு அமைப்பில் அலுவலக முகவரியைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. விபரம் எதையும் காட்டாமல் 'அந்த நேரம் வேலை இருக்கிறது' என்று மட்டும் தெரியவைக்கும் தெரிவும் அங்கே உண்டு. வீட்டு விடயம் அலுவலகக் கணக்குக்குப் போகாமல் இருக்க அதுவே உத்தமம்.

அவுட்லுக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். கணினியில் நிறுவும் பழைய வகையில் 'வியூ' பகுதியில் 'டூ-டூ பார்' என்பதன்கீழ் 'கலண்டர்' கொடுத்தால் வலப்பக்கத்தில் மாதக் கட்டமும் அதன்கீழ் வரும் நிகழ்வுகளும் நிற்கும். நிகழ்வுள்ள நாட்கள் தடித்த எழுத்தில் தெரியும். ஓரத்தைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தால் இரண்டு மாதம் பக்கம்பக்கமாக வரும். மின்னஞ்சல் பகுதியில் வைத்த பலகை தொடர்புகள் பகுதிக்குப் போனால் தெரியாது. அங்கே தனியாகத் திறக்கவேண்டும். கடிதமொன்றை வலது பொத்தானால் பிடித்து இழுத்துக் கலண்டர் பொத்தானில் விட்டால், வாசகத்தை மட்டும் நகலெடுப்பதா, கடிதத்தையே இணைப்பாகச் சேர்ப்பதா என்று கேட்கும். பிடிஎஃப் கடிதங்களுக்கு இணைப்பாகச் சேர்ப்பதுதான் சரி. புதிய அவுட்லுக்கிலும் உலாவியில் திறக்கும் அவுட்லுக்கிலும் இதன் பெயர் 'மை டே'. மேலே வலப்பக்கத்தில் இருக்கும். கடிதத்தை நேரே இழுத்து அதற்குள் போடலாம்.

வன்னி நிலைமைக்கு அதிகம் பொருந்துவது தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். முன்பு தனி நீட்சியாக இருந்த கலண்டர் 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து அதன் உடலோடு சேர்ந்துவிட்டது. எஃப்11 விசையை அழுத்தினால் வலப்பக்கத்தில் 'டுடே பேன்' திறக்கும். மடிகணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தவேண்டியிருக்கலாம். இன்று, நாளை, அதன்பின் வருபவை என்று பிரித்துக் காட்டும். நிகழ்வு மட்டுமா, செய்யவேண்டிய வேலைகளும் சேர்த்தா என்று மாற்றலாம். கடிதத்தின்மேல் வலது சொடுக்கில் 'கன்வேர்ட் டூ' என்பதன்கீழ் 'இவென்ட்' கொடுத்தால் கடிதம் நிகழ்வாகும்.

தண்டர்பேர்டுக்கு முதலிடம் கொடுக்கக் காரணம் வேறு. உலாவிப் பலகை ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து ஏறவேண்டும். மின்னஞ்சல் ஒருவாறு திறந்தாலும் பலகை வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் றவுட்டரின் வயரைக் கழற்றி வைக்கும் நாட்களில் அது அறவே கிடைக்காது. மெல்லிய இணைப்புக்கென்று இருந்த ஜீமெயிலின் எளிய எச்டிஎம்எல் காட்சியும் 2024இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அது இருந்த காலத்திலும் அதில் இந்தப் பலகை இருக்கவில்லை. தண்டர்பேர்ட் கலண்டரின் பிரதியைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளும். சிக்னல் போனாலும் மடிகணினியின் பற்றரி இருக்கும்வரை இந்த வாரம் கண்முன் நிற்கும்.

கூகுள் கலண்டரை அதில் இணைக்க, கலண்டர் பகுதியில் புதிய கலண்டர், 'நெட்வேர்க்கில்' என்பதைத் தெரிவுசெய்து ஜீமெயில் முகவரியைக் கொடுத்தால் போதும். கடவுச்சொல்லைக் கூகுளின் சாளரமே கேட்கும். பிறகு அந்தக் கலண்டரின் பண்புகளில் இரண்டைப் பாருங்கள். 'ஒஃப்லைன் சப்போர்ட்' தெரிவாகியிருக்கவேண்டும். அது இல்லையென்றால் மேலே சொன்ன பயனே இல்லை. புதுப்பிக்கும் இடைவெளி வழக்கமாக 30 நிமிடம். டேட்டா அளந்து பாவிப்பவர்கள் 60 ஆக்கலாம். இன்னொருவர் கைத்தொலைபேசியில் மாற்றும் நிகழ்வு அதுவரை இங்கே தெரியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நேரம் பிழைப்பதற்குத் தனியாக ஒரு பந்தி வேண்டும். விண்டோஸைப் புதிதாகப் போட்ட கணினிகள் பல அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் விடப்பட்டிருக்கும். மணிக்கூட்டைக் கையால் சரியாகத் திருப்பிவிட்டு வலயத்தை அப்படியே விடுவார்கள். அப்படி விட்டால் நேரம் குழம்பத் தொடங்கும். மாரி காலத்தில் வலய வித்தியாசம் 13 மணி 30 நிமிடம். கிளிநொச்சியில் காலை 10 மணிக்கு உள்ள கூட்டம் முதல்நாள் இரவு 8.30 என்று பலகையில் நிற்கும். விண்டோஸ் பட்டியலில் நம்முடைய வலயத்தின் பெயர் 'ஸ்ரீ ஜெயவர்தனபுர', +5:30. கொழும்பு என்று தேடிக் கிடைக்காமல் சென்னை, கொல்கத்தாவைப் போட்டாலும் இன்றைய நேரம் சரியாகவே வரும். ஆனால் இலங்கை 1996இல் கடிகாரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில்தான் +5:30க்குத் திரும்பியது. அந்தக் காலத்துப் பழைய பதிவுகளை ஏற்றினால் அரை மணி விலகும்.

புலம்பெயர்ந்தோருடன் சூம் கூட்டம் வைக்கும் கிராம அமைப்புகளுக்கும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களுக்கும் இதில் இன்னொரு கண்ணி உண்டு. லண்டன் பிற்பகல் 2 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, மாரியில் 7.30. ரொறன்ரோ காலை 10 மணி கோடையில் இரவு 7.30, மாரியில் 8.30. இங்கிலாந்து ஒக்ரோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றும். கனடா நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் இரண்டு நகரமும் வழக்கமான இடைவெளியில் இருக்காது. நிகழ்வைப் பதியும்போது நேரவலயத்தை லண்டன் அல்லது ரொறன்ரோ என்றே கொடுத்துவிட்டால் பலகை தானாக மாற்றிக் காட்டும். நம் நேரத்தில் கணக்குப் போட்டு வாராவாரம் திரும்பும்படி பதிந்தால், மாறிய வாரம் ஒரு மணி பிசகும்.

மேசைக் கணினியில் கரண்ட் நின்று வந்தபிறகு பலகை பல வருடத்துக்கு முந்திய நாளைக் காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 வட்டப் பற்றரி தீர்ந்திருக்கும். மணிக்கூடு பின்னோக்கிப் போனால் உலாவி பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று சொல்லி மின்னஞ்சலையே திறக்காது. பற்றரியை மாற்றுவது சில நிமிட வேலை.

விடுமுறைகளைச் சேர்க்காமல் இந்தப் பலகை அரைவாசிதான். கூகுள் கலண்டரில் 'மற்றக் கலண்டர்கள்' பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி, விருப்பக் கலண்டர்களில் இலங்கை விடுமுறையைத் தெரிவுசெய்யுங்கள். போயா தினங்கள் வந்துவிடும். அவற்றைக் கையால் 30 நாளுக்கொருமுறை என்று பதிந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். சந்திர மாதம் ஏறத்தாழ 29 அரை நாள். ஒரு வருடத்தில் ஐந்தாறு நாள் விலகிவிடும். ஊர்த் திகதிகளை நாமேதான் போடவேண்டும். ஆவணி மடுத் திருவிழா ஓகஸ்ட் 15, வருடாவருடம் திரும்பும்படி பதியலாம். வைகாசித் திங்கட்கிழமை வரும் வற்றாப்பளைப் பொங்கலை அப்படிப் பதியக்கூடாது. ஆங்கிலத் திகதி மாறும். ஒவ்வொரு வருடமும் கோயில் அறிவித்த பிறகு புதிதாகப் பதியவேண்டும். அந்த நாளில் முல்லைத்தீவு வீதியில் கூட்டம் வைக்க நினைப்பவர் பலகையைப் பார்க்காதவராகத்தான் இருப்பார்.

நினைவூட்டலின் இயல்பு அமைப்பும் நமக்கு ஒத்துவராது. கூகுளில் 10 அல்லது 30 நிமிடம், அவுட்லுக்கில் 15. தண்டர்பேர்டில் நாமே இயக்கினால்தான் ஒலிக்கும். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு வரவேண்டியவருக்குப் பத்து நிமிட மணி எதற்கு? ஒரு நாள் முன்பு ஒன்று, இரண்டு மணித்தியாலம் முன்பு ஒன்று என்று கூகுள் கலண்டரின் நிகழ்வு அறிவித்தல் பகுதியில் ஒருமுறை மாற்றிவிட்டால் இனிப் பதியும் எல்லாவற்றுக்கும் அதுவே வரும். நாள் முழுவதுக்குமான நிகழ்வுகளுக்குத் தனி இடம் இருக்கிறது, அதையும் மாற்றவேண்டும்.

கைத்தொலைபேசி ஜீமெயிலில் இந்தப் பக்கப்பலகை கிடையாது. முகப்புத் திரையில் கலண்டர் விட்ஜெட்டை வைப்பதுதான் அதற்கு நெருங்கியது.

ஒரே கணினியை நாலுபேர் பாவிக்கும் அலுவலகத்தில் பலகையைத் திறந்தபடி விட்டுவிட்டு தேநீருக்குப் போகக்கூடாது. நிகழ்வை 'பிரைவேட்' என்று குறித்தால் கலண்டரைப் பகிர்ந்து பார்ப்பவருக்குத்தான் மறையும். உங்கள் கதிரையில் வந்து இருப்பவருக்கு எல்லாம் தெரியும். குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல், விண்டோஸில் ஆளுக்கொரு கணக்கு, எழும்பும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுவது, இவை மூன்றும் வேண்டும்.