மாநாட்டின் பெயரால் வந்த அறை முன்பதிவு: ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டு மாநாடு ஒன்றில் கட்டுரை வாசிக்கச் சென்றிருந்தேன். 5 இரவுகளுக்கான வாடகையை முழுமையாகச் செலுத்தியிருந்தும், போய்ச் சேர்ந்த இரவு 11 மணிக்கு, என் பெயரில் அறையே இல்லை என்று சொன்ன வரவேற்பு மேசையின் முன் பெட்டியோடு நின்றேன். அடுத்து மாநாட்டுக்குச் செல்லவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நிகழ்ச்சி நிரல் வெளியான சில நாட்களில் ஒரு மின்னஞ்சல் வந்தது. மாநாட்டின் இலச்சினை, என் பெயர், என் அமர்வின் நாள், கட்டுரைத் தலைப்பு ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. அரங்கத்தை ஒட்டிய விடுதியில் பங்கேற்பாளர்களுக்கென ஒதுக்கிய அறைகள் தீர்ந்துகொண்டிருப்பதாகவும், 2 நாட்களுக்குள் உறுதிசெய்தால் சலுகை வாடகை கிடைக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். மறுநாளே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மிகுந்த மரியாதையோடு அதையே சொன்னார். நிகழ்ச்சி நிரலில் என் கட்டுரைத் தலைப்பில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதே பிழை அம்மடலிலும் இருந்ததைக் கண்டு, இவர்களிடம் மாநாட்டுப் பதிவேடே இருக்கிறது என்று நம்பினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பக்கத்திலிருந்து அதைப் படியெடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பிழையே சான்று என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர்கள் அனுப்பிய படிவத்தில் கடன் அட்டை எண்ணோடு அதன் பின்புறமுள்ள 3 இலக்க சிவிவி எண்ணையும் எழுதி மின்னஞ்சலில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். கட்டணத்துக்கு ஒப்புதல் கிடைத்தபின் அந்த எண்ணை எந்த வணிகரும் சேமித்து வைக்கக் கூடாது என்பது அட்டைத் துறையின் பாதுகாப்பு விதி. அதை மடலில் எழுதிக் கேட்பவரிடமிருந்து அந்த இடத்திலேயே விலகியிருக்க வேண்டும். நான் அனுப்பினேன். போதாக்குறைக்கு, வரியும் முன்வைப்புத் தொகையும் தனி என்று கேட்டபோது, அதை வங்கி வழியாக நேரடியாகவும் செலுத்தினேன்.

நான் சரிபார்க்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். முன்பதிவுச் சான்றை விசா விண்ணப்பத்தோடு இணைப்பதற்கு முன் விடுதியை அழைத்துக் கேட்டேன்; முன்பதிவு இருக்கிறது என்றார்கள். உண்மையில் அது கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடிய வகையில், பணம் ஏதும் செலுத்தாமல் போடப்பட்ட முன்பதிவு என்றும், என் பயணத்துக்கு 4 நாட்கள் முன்பு அது ரத்தாகிவிட்டது என்றும் அந்த இரவில்தான் வரவேற்பு மேசையில் இருந்தவர் கணினியைப் பார்த்துச் சொன்னார். ஆகவே "முன்பதிவு இருக்கிறதா" என்று கேட்பது போதாது. "வாடகை உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டதா, ரத்துசெய்யும் கடைசி நாள் எது" என்று கேட்க வேண்டும். அந்த நாள் கடந்தபின் இன்னொரு முறையும் கேட்க வேண்டும்.

வேறு விடுதியில் அறை எடுத்தபோது, அட்டை இயந்திரம் தொகையை என் நாட்டு நாணயத்தில் காட்டி ஒப்புதல் கேட்டது, களைப்பில் அழுத்திவிட்டேன். அவ்வாறு மாற்றித் தருகையில் மாற்று விகிதத்தின் மேல் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள் என்பதால், உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. அன்றைய இழப்பில் இது சிறியதுதான்.

மறுநாள் ஏற்பாட்டுக் குழுவினரைச் சந்தித்தபோது, தாங்கள் எவரையும் தொலைபேசியில் அழைத்து அறை விற்பதில்லை என்றும், இன்னும் சிலரும் இவ்வாறே ஏமாந்திருக்கிறார்கள் என்றும் வருத்தத்தோடு சொன்னார்கள். அந்த எச்சரிக்கையை நிகழ்ச்சி நிரலோடு சேர்த்தே அனுப்பியிருக்கலாம் என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு. மடலில் வரும் இணைப்பைத் தொடாமல், மாநாட்டின் பக்கத்தை நீங்களே திறந்து அங்கே தங்குமிடம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே பெயர் இல்லாத முகவர் உங்கள் ஆய்வைப் பற்றி எவ்வளவு அறிந்திருந்தாலும் பொருட்படுத்தாதீர்கள். அனுப்பியவரின் மின்னஞ்சலில் @ குறிக்குப் பின் வரும் இணைய முகவரி எப்போது பதிவுசெய்யப்பட்டது என்பதையும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எனக்கு வந்த முகவரி, மடல் வருவதற்கு 3 வாரம் முன்புதான் பதிவாகியிருந்தது.

அட்டையில் போன பணத்துக்கு, செலுத்திய சேவை கிடைக்கவில்லை என்ற அடிப்படையில் என் வங்கியில் முறையிட்டேன். முன்பதிவு ரத்தானதை விடுதி எழுத்தில் தந்த கடிதம், படிவம், மடல்கள் அனைத்தையும் இணைத்ததால் ஏறத்தாழ 2 மாதத்தில் தொகை திரும்பியது. இத்தகைய முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. ஊர் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், விடுதியின் கடிதத்தை அங்கிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சிவிவி எண் வெளியே போய்விட்டதால் அட்டையையும் முடக்கிப் புதிதாக வாங்கினேன். வங்கி வழியாக நேரடியாக அனுப்பிய முன்வைப்புத் தொகை மட்டும் இன்றுவரை வரவில்லை.