பன்னிரண்டில் ஒரு பங்கு: பழைய லண்டன் பஸ் ஒன்றோடு ஒன்பது வருடம்

"எங்கே நிறுத்தப் போகிறாய்?"

பஸ்ஸில் பங்கு வாங்கியிருக்கிறேன் என்று சொன்ன அன்று அம்மா கேட்டது இவ்வளவுதான். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இஞ்சினைப் பற்றியும் பெயின்ட்டைப் பற்றியும் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். அம்மாவின் கேள்விக்குத்தான் இன்னும் நிம்மதியான பதில் கிடைக்கவில்லை.

எங்களிடம் இருப்பது ஒரு ஆர்.டி. சுற்றுலா அட்டைகளில் வரும் சிவப்பு இரட்டைத் தட்டு பஸ் ரூட்மாஸ்டர், ஆர்.டி. அதற்கு ஒரு தலைமுறை மூத்தது. 1939-ல் தொடங்கி, போரால் தடைபட்டு, 1947 முதல் 1954 வரை மளமளவென்று செய்து தள்ளினார்கள். லேலண்ட் அடிச்சட்டத்தில் வந்த ஆர்.டி.எல்., ஆர்.டி.டபிள்யூ. வகைகளையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 7,000. கடைசி ஆர்.டி. 1979 ஏப்ரல் 7 அன்று கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊரின் கராஜிலிருந்து 62-ஆம் தடத்தில் ஓடி ஓய்ந்தது. நாங்கள் 12 பேர் சேர்ந்து ஒன்றை வைத்திருக்கிறோம். அதன் இலக்கத்தை இங்கே சொல்லப் போவதில்லை. அந்த இலக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்பதே பெரிய கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிறுத்துமிடம். 26 அடி நீளம் கூடப் பரவாயில்லை, 14 அடிக்கு மேல் போகும் உயரம்தான் பிரச்சினை. அந்த உயரத்துக்குக் கதவு வைத்த கொட்டகை சுலபத்தில் அமையாது. திறந்த வெளியில் விட்டால் மூன்று குளிர்காலம் போதும், பின்பக்கம் ஏறும் பிளாட்ஃபார்முக்கு அடியிலுள்ள இரும்பு தின்னப்பட்டுவிடும். எங்கள் முதல் கொட்டகையில் கூரை ஒழுகியது. சொந்தக்காரரிடம் சொன்னோம். "பஸ் மழையில் ஓடத்தானே செய்தது?" என்றார். அதோடு இடம் மாற்றினோம்.

ஓட்டும் அனுபவத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஏ.இ.சி. என்ற நிறுவனம் செய்த 9.6 லிட்டர் டீசல் இஞ்சின். கிளட்ச் கிடையாது, அதன் இடத்தில் எண்ணெய் நிரம்பிய ஃப்ளைவீல். கியரை முன்கூட்டியே சொல்லி வைக்கும் ஏற்பாடு இதில். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சிறு நெம்புகோலை மூன்றில் வைத்தால் உடனே ஒன்றும் நடக்காது. மேடு வருகிறது, இனி மூன்று வேண்டும் என்று தோன்றும் நேரத்தில் இடது காலால் மிதியை அழுத்தி விட்டால் மாறிவிடும். கை ஒரு நேரம் சொல்கிறது, கால் இன்னொரு நேரம் செய்கிறது. பழகிய பிறகு வீட்டுக் காரை ஓட்டும்போது என்னவோ குறைகிறது. டெய்ம்லர் பஸ்களில் இதே ஏற்பாடு ஸ்பிரிங்கில் வேலை செய்யும். மிதியை அரைகுறையாக அழுத்தினால் முழங்கால் வரைக்கும் உதைக்கும். ஆர்.டி.யில் காற்றழுத்தம் அந்த வேலையைச் செய்வதால் கால் தப்பியது. அந்தக் காற்று ஏறும் வரை காலையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. நான் இரண்டாவது கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரம் அது.

உரிமம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 30 வயதைத் தாண்டிய பஸ்ஸை, வாடகைக்கு ஓட்டாமல், எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றாமல் இருந்தால், 21 வயது நிரம்பி இரண்டு வருடம் கார் உரிமம் வைத்திருப்பவர் பிரிட்டனில் ஓட்டலாம். சட்டம் விடுகிறது என்பதற்காக நேரே ஏறி உட்கார்ந்து விடாதீர்கள். நான் ஆறு மாதம் கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் பழகினேன்.

செலவு ஆளுக்கு மாதம் 35 பவுண்டு, அதில் கொட்டகை வாடகையும் காப்புறுதியும் அடங்கும். பஸ் 40 வயது தாண்டியதால் சாலை வரி இல்லை. டீசல் ஒரு கேலனுக்கு ஒன்பது மைல் அளவில் கொடுக்கிறது. டயர்தான் வயிற்றைக் கலக்கியது. 2021 பிப்ரவரி முதல் பஸ்களின் முன் அச்சில் பத்து வயதுக்கு மேற்பட்ட டயர் கூடாது. எங்களைப் போன்ற வணிகமல்லாத பழைய வண்டிகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தும் மாற்றினோம். முன் டயர் வெடித்தால் சட்டப் புத்தகம் வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்காது.

சரி, இனி இலக்கத்தின் கதை.

லண்டனுக்கு வடக்கே, ஹர்ட்ஃபோர்ட்ஷயரில், ஆல்டனம் என்று ஒரு பெரிய பணிமனை இருந்தது. சுரங்க ரயிலின் நார்தர்ன் தடத்தை நீட்டுவதற்காகக் கட்டிய டிப்போ அது. போர் வந்தது, அங்கே ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைச் செய்தார்கள். போர் முடிந்தது, ரயில் நீட்டிப்பைக் கைவிட்டார்கள், கட்டடம் பஸ்களுக்கு வந்து சேர்ந்தது. சில வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பஸ்ஸும் அங்கே முழுப் பழுதுபார்ப்புக்குப் போகும். உள்ளே போனதும் மேற்கூட்டைத் தூக்கி ஒரு பக்கமும் அடிச்சட்டத்தை இன்னொரு பக்கமும் அனுப்புவார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி அளவு பிசகாமல் செய்தவை, எதன் மேல் எது வேண்டுமானாலும் உட்காரும். அடிச்சட்டம் சீக்கிரம் தயாராகும், கூடு தாமதிக்கும். கூட்டுக்காக அடிச்சட்டத்தைக் காக்க வைக்க மாட்டார்கள். அந்த நேரம் தயாராக இருக்கும் வேறு கூட்டை வைத்து, அப்போது உள்ளே வந்த வண்டியின் இலக்கத்தை ஒட்டி வெளியே விட்டுவிடுவார்கள். காலையில் ஒரு இலக்கத்தோடு உள்ளே போன பஸ்ஸும், அதே இலக்கத்தோடு வெளியே வந்த பஸ்ஸும் வேறு வேறாக இருக்கும். போக்குவரத்து நிறுவனத்துக்கு அது கெட்டிக்காரத்தனம். வருங்கால ஆவணக்காரர்களுக்குத் தலைவலி.

இதை நான் புத்தக அறிவாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன். சேர்ந்த முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே ஆவேசம். கீழ்த்தட்டின் வெளிப் பலகைகளை இரண்டு வார இறுதிகளில் உலோகம் தெரியும் வரை தேய்த்து விட்டோம். ஒரு படம் எடுக்கவில்லை. சிவப்புக்குக் கீழே பச்சை இருந்ததா என்று பிறகு ஒரு பெரியவர் கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நகரத் தடங்களுக்குச் சிவப்பு, புறநகர்க் கிராமத் தடங்களுக்குப் பச்சை என்பது அக்காலத்து வழக்கம். பச்சைப் படலம் ஒன்று இருந்திருந்தால் அந்தக் கூடு ஒரு காலத்தில் லண்டனுக்கு வெளியே ஓடியது என்று அர்த்தம். அந்தச் சான்றை எங்கள் கையாலேயே தூளாக்கிப் பெருக்கி வெளியே கொட்டியிருந்தோம். ஒன்பது வருடத்தில் நான் செய்த தவறுகளில் இன்னும் கூசுவது இதுதான்.

மூன்றாம் வருடம் கூட்டின் எண் பதித்த சிறு தகட்டைச் சுத்தம் செய்தோம். அடிச்சட்டத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டும் சேர்ந்து பிறந்தவை அல்ல, கூடு பல வருடம் இளையது. நாங்களோ பஸ்ஸை அதன் 'முதல் நாள்' தோற்றத்துக்குக் கொண்டுபோகப் பாதி வேலை முடித்திருந்தோம். குழுவில் சண்டை. அடிச்சட்டத்தின் வயதுக்குத் தக்கபடி கூட்டை மாற்றலாம் என்று நாலு பேர். ஆரம்ப கால ஆர்.டி. கூடுகளில் முன்னால் கூரை மேல் தடம் எண் காட்டும் ஒரு பெட்டி துருத்திக்கொண்டிருக்கும், அதைச் செய்து பொருத்தலாம் என்றார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு பஸ் ஒருநாளும் ஓடவில்லை. இந்த அடிச்சட்டமும் இந்தக் கூடும் ஒன்றாக இருந்தது கடைசிப் பழுதுபார்ப்புக்குப் பின்னால்தான். எனவே கடைசி வருடங்களின் தோற்றமே இந்த வண்டிக்கு உண்மை என்று நான் வாதாடினேன். ஏழுக்கு ஐந்தில் ஜெயித்தோம். தோற்றவர்களில் ஒருவர் இப்போதும் என்னிடம் 'கூரைப் பெட்டி' என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

அப்புறம்தான் நோட்டுப் புத்தகம் வந்தது. எதைக் கழற்றினாலும் முன்னால் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம், பின்புறத்தில் ஒரு படம். எந்தத் திருகு, எந்தப் பக்கம், புதிதா பழையதா, யார் மாற்றினார், என்ன தேதி. மந்தமான வேலை, சனிக்கிழமை கிரீஸ் பூசிய கையோடு பென்சில் பிடிக்க யாருக்கும் பிடிக்காது. அந்தப் பழக்கம் வந்த பிறகு மாடிப்படிக்குப் பின்னாலுள்ள பலகையைத் திறந்தோம். உள்ளே சுருண்டு கிடந்தன இரண்டு கிப்சன் டிக்கெட்கள். 1953 முதல் லண்டன் நடத்துனர்கள் இடுப்பில் மாட்டியிருந்த இயந்திரம் அச்சடித்தவை. விலை பழைய பென்னியில் இருந்ததால் 1971-க்கு முந்தையவை. பலகையின் உள்முகத்தில் யாரோ ஒரு பணிமனைத் தொழிலாளி பென்சிலால் கூட்டல் கணக்குப் போட்டிருந்தார். கூட்டல் தப்பு. அதையும் படம் எடுத்துவிட்டு, பெயின்ட் படாமல் அப்படியே மூடினோம்.

ஆவணப்படுத்துவதற்கு மட்டும் வருகிறவர்களுக்கு ஒரு சொல். பஸ் படம் எடுப்பவர்கள் எல்லோரும் நடைபாதைப் பக்கம் நின்று முன்பக்கத்தைச் சாய்வாக எடுக்கிறார்கள். ஐம்பதுகளிலும் அப்படித்தான் எடுத்தார்கள். அதனால் பின்பக்கப் படம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பின்விளக்கு எந்த வருடம் மாறியது என்று அறிய எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது. பின்னால் போய் எடுங்கள். உள்ளே மணிக்கயிற்றை எடுங்கள். கீழ்த்தட்டின் கூரையோரம் ஓடும் அந்தக் கயிற்றை ஒருமுறை இழுத்தால் நில், இருமுறை இழுத்தால் போ. பஸ் எந்தக் கராஜைச் சேர்ந்தது என்று காட்ட பக்கவாட்டில் செருகும் எழுத்துத் தகட்டையும் விடாதீர்கள். ஒரே இலக்கம் ஒரு படத்தில் கூரைப் பெட்டியோடும் இன்னொன்றில் இல்லாமலும் இருந்தால், நடுவில் ஆல்டனம் போய் வந்திருக்கிறது என்று பிடித்துவிடலாம். பி.எஸ்.வி. சர்க்கிள் என்ற சங்கம் 1943 முதல் இப்படிப்பட்ட வண்டி வரலாறுகளைத் தொகுத்து அச்சிடுகிறது; அவர்களுடைய வரிசைப் பட்டியல்கள் இல்லாமல் எங்களால் ஒரு அடி நகர்ந்திருக்க முடியாது. படிக்க ரயில்வே கால அட்டவணையை விடச் சுவை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஃப்ளைவீல் எண்ணெய் கசியும், என்ன செய்தாலும் கசியும். எங்கே நின்றாலும் கீழே ஒரு தட்டு வைப்போம். ஒரு ஜனவரியில் தண்ணீரை வடித்துவிட மறந்தோம், உறைந்து நீர் பம்ப்பின் கூடு வெடித்தது. மாற்றுப் பாகம் தேட நாலு மாதம். யார் மறந்தது என்பது நோட்டில் எழுதியிருக்கிறது, இங்கே எழுத மாட்டேன். அதைவிடக் கஷ்டம், வயது. எங்கள் குழுவில் நான்தான் இளையவன், எனக்கு 47. கியர்பெட்டியின் பிரேக் பட்டைகளைக் காதாலேயே கேட்டுச் சரிசெய்யத் தெரிந்தவர் இருவரே இருந்தார்கள். ஒருவர் போன வருடம் காலமானார். மற்றவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்கிறேன். "இந்தச் சத்தம் வரக்கூடாது" என்பார். எந்தச் சத்தம் என்று எனக்குப் பதிவில் கேட்டாலும் புரிவதில்லை.

சந்தோஷத்துக்கு இம்பர். சாலிஸ்பரி சமவெளியில், 1943-ல் ராணுவப் பயிற்சிக்காக ஊரைக் காலி செய்த கிராமம். மக்கள் திரும்பவே இல்லை. 2009-லிருந்து கோடையில் ஒரு நாள் வார்மின்ஸ்டரிலிருந்து அங்கே பழைய லண்டன் பஸ்களை விடுகிறார்கள். வெறிச்சோடிய கிராமத்துச் சாலையில் சிவப்புப் பஸ்கள் வரிசையாக வருவதைப் பார்க்கும்போது, இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. அடுத்த வருடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொல்வேன்.

ஒரு தடவை அப்பாவைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். கைத்தடியை என்னிடம் தந்துவிட்டுப் பிளாட்ஃபார்மில் ஏறிக் கம்பியைப் பிடித்தவர், "இதிலதான் நான் கந்தோருக்குப் போறனான்" என்றார். கொழும்பில் அலுவலகத்துக்குப் போன நாட்களைச் சொன்னார். தப்பில்லை. 1958-ல் இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பிறகு, லண்டனில் கழித்த ஆர்.டி. வகை பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் கொழும்பில் ஓட்டினார்கள். அங்கேயும் வீதியின் இடப்பக்கம் ஓட்டுவதால் ஸ்டியரிங்கை மாற்ற வேண்டிய வேலை இல்லை. வீட்டில் ஒரு படம் இருக்கிறது: கொழும்பு வீதியோரம் அப்பாவும் மாமாவும், பின்னால் இரட்டைத் தட்டு பஸ். ரேடியேட்டரின் வடிவத்தைப் பார்த்தால் அது லேலண்ட், எங்களுடையது ஏ.இ.சி. என்று விளக்கினேன். "பஸ் பஸ்தானே" என்றார் அப்பா.

அந்தப் படத்தையும் எங்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். இலங்கைக்குப் போன வண்டிகளில் எது எங்கே ஓடியது என்பதற்கு இப்படிப்பட்ட வீட்டுப் படங்கள்தான் பெரும்பாலும் துணை. பதிவு இப்படி இருக்கிறது: கொழும்பு, லேலண்ட் வகை, எண்தகட்டில் 'ஸ்ரீ' எழுத்து தெரிவதால் ஐம்பதுகளின் பிற்பகுதிக்கு முந்தையது அல்ல, வண்டி இலக்கம் வாசிக்க முடியவில்லை, மாமாவின் குடை மறைக்கிறது.