செடிக்கு வைத்தியம் என்று வீட்டுக்கு வருகிறவர்கள்: புதுச்சேரிக்காரர்கள் கவனம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 3,850 ரூபாய் போனது. கூடவே மாடியில் இருந்த ரோஜாவில் பாதியும் போனது. இலைக் கரும்புள்ளி நோய்க்கு என்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

லாஸ்பேட்டையில் எங்கள் மாடியில் பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும் தொட்டி தொட்டியாக இருக்கின்றன. புரட்டாசியில் சாயங்காலம் ஆனால் மழை. ராத்திரி முழுக்க இலை காயவே இல்லை. கீழ் இலைகளில் ஓரம் பிசிறிய கறுப்புப் புள்ளிகள் வந்தன, சுற்றி மஞ்சள் படர்ந்தது, அப்புறம் இலை உதிர ஆரம்பித்தது. அப்போதுதான் வீட்டுக்கே வந்து செடி பார்ப்பதாகப் போனில் விளம்பரம் போடும் ஒரு சேவையைக் கூப்பிட்டோம். பெயர் சொல்லப் போவதில்லை, இந்த மாதிரி ஊரில் ஒன்று மட்டும் இல்லை.

வந்த பையனைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். மாடிப்படியில் செருப்பைக் கழற்றி விட்டுத்தான் ஏறினான். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தான். "தொட்டிய இவ்ளோ நெருக்கமா வெக்காதீங்கக்கா, காத்து போகணும். தண்ணிய இலை மேல ஊத்தாதீங்க, தெறிச்சா பக்கத்துச் செடிக்கும் பரவும்" என்றான். இரண்டும் நூற்றுக்கு நூறு சரி. கரும்புள்ளிப் பூஞ்சை தண்ணீர் தெறித்துத்தான் பரவுகிறது. சரியான விஷயத்தை இரண்டு முறை சொன்னவன் மூன்றாவதாகச் சொன்னது இது: "நூறு சதவீதம் மூலிகைப் பவுடர்க்கா, பத்து நாள்ல புள்ளியெல்லாம் மறைஞ்சு இலை பழையபடி பச்சையாயிடும்." வருகைக் கட்டணம், பவுடர், தெளிப்புக் கூலி எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய். அங்கேயே போனில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு "வாட்ஸ்அப்ல வரும்க்கா" என்றான். இன்று வரை வரவில்லை.

உச்சி வெயிலில் தெளித்தான். இரண்டொரு நாளில் புள்ளியே இல்லாத நல்ல இலைகளும் ஓரம் கருகித் தொங்கின.

படம் எடுத்து அனுப்பினேன். "மருந்து வேலை செய்யுதுக்கா, பழைய இலை கொட்டித்தான் புதுசு வரும்" என்று பதில். அப்புறம் "டீம்ல சொல்லியிருக்கேன்." அப்புறம் போனை எடுத்தது யாரோ ஒரு பெண், "மேடம், நீங்க தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க" என்றார். மாடிக்கு வராமலேயே எப்படித் தெரிந்ததோ! கடைசியாகப் பேசியவர், பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை, வேண்டுமானால் இன்னொரு முறை வந்து பார்க்கிறோம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். கருகிய செடிக்கு நான் இன்னும் பணம் கட்ட வேண்டுமாம்!

மீதிப் பொட்டலத்தை உரக்கடைக்கு எடுத்துப் போனேன். வெறும் பிளாஸ்டிக் கவர், ஒரு எழுத்து இல்லை. கடைக்கார அண்ணன் மோந்து பார்த்துவிட்டு "கந்தகம் மாதிரி இருக்கும்மா" என்றார். தண்ணீரில் கலக்கித் தெளிக்கிற நனையும் கந்தகத்தை முக்கியமாகச் சாம்பல் நோய்க்குத்தான் தருவார்கள். இலை மேல் மாவு தூவினாற்போல் வெள்ளையாகப் படியுமே, அந்த நோய்க்கு. 32 டிகிரிக்கு மேல் வெயிலில் தெளித்தால் இலை கருகும் என்றும் அவரே சொன்னார். அது கந்தகம்தான் என்றால், மூலிகை என்ற பேச்சும் பொய். அதே கடையில் நல்ல பூஞ்சைக்கொல்லி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. நான் கொடுத்தது 3,850!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுத எழுத எரிச்சல்தான் ஏறுகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லி விடுகிறேன். புள்ளி விழுந்த இலை எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது. மருந்து காப்பாற்றுவது இனி வரும் இலையைத்தான். புள்ளி மறையும் என்று யார் சொன்னாலும் அவரை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். நோய் இலைகளைக் கிள்ளி, உதிர்ந்ததையும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், மண்ணில் விடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். பூஞ்சைக்கொல்லி மான்கோசெப் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கமும் நனைய, காலையிலோ வெயில் தாழ்ந்தோ அடியுங்கள், கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பதிவு எண், காலாவதித் தேதி, விஷத்தின் அளவைக் காட்டும் நிற முக்கோணம் இல்லாத பொட்டலத்தைத் தொடவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு நாலு இலையைப் பறித்துக்கொண்டு போய்க் காட்டிக் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன். உங்களிடமும் இப்படி யாராவது பணம் வாங்கியிருந்தால் அந்தப் பேச்சை அழிக்காதீர்கள்.