தவணை மனை: ஃபைலில் இருப்பதெல்லாம் ஒரிஜினல், மனைதான் இல்லை

சேலம் ஐந்து ரோடு சிக்னலில் வண்டியை நிறுத்தினால் கைக்குள் ஒரு நோட்டீஸ் வந்துவிடும். "மாதம் 8,000 மட்டுமே. 60 மாதம். புது பஸ் ஸ்டாண்டிலிருந்து 20 நிமிடம். பத்திரச் செலவு இலவசம். முதலில் வரும் பத்துப் பேருக்குத் தங்கக் காசு." ஓமலூர் ரோடு, அயோத்தியாப்பட்டணம், மல்லூர், ஆட்டையாம்பட்டி என்று எந்தத் திசையில் போனாலும் கலர் கொடியும் வெள்ளைக் கல்லும் நட்ட விவசாயக் காடு ஒன்று கண்ணில் படும்.

கொலுசுப் பட்டறையில் இருப்பவருக்கும் தறி ஓட்டுபவருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வீட்டுக்கடன் எளிதில் கிடைக்காது. டவுனுக்குள் இடம் வாங்க நினைக்கவே முடியாது. அவர்களுக்கு இந்தத் தவணைதான் வீட்டுக்கடன். அதனால் "படித்துப் பார்க்காமல் ஏன் பணம் கட்டினாய்" என்று கேட்பது அநியாயம். படித்துத்தான் பார்த்தார்கள். ஃபைலில் இருந்த காகிதம் பெரும்பாலும் ஒரிஜினல். ஆனால் எதுவும் அவர்களுக்குச் சொல்லப்பட்டதைச் சொல்லும் காகிதம் இல்லை.

அப்படி ஒரு ஃபைலைப் பிரித்துக் காட்டுகிறோம். மனை 30க்கு 40, அதாவது 1,200 சதுர அடி. சதுர அடி 400 ரூபாய், மொத்தம் 4,80,000. அறுபது தவணையும் கட்டி முடித்தாகிவிட்டது. பத்திரம் எப்போது என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. யார் விற்றார்கள், எந்த ஊர் என்பதை இங்கே எழுதவில்லை. இதே ஃபைல் வேறு வேறு பெயரில் ஊர் முழுக்கச் சுற்றுகிறது.

முதல் காகிதம் மனைப்பிரிவு வரைபடம். ஊதா மையில் ஊராட்சியின் வட்ட முத்திரை, தலைவர் கையெழுத்து, தீர்மான எண். "பஞ்சாயத்து அப்ரூவல்ணா, பயப்படாதீங்க" என்று சொல்லி விற்றது இதைத்தான். முத்திரை நிஜம், கையெழுத்தும் நிஜம். ஆனால் ஊராட்சித் தலைவர் தன்னிச்சையாக ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி தர முடியாது. நகர் ஊரமைப்புத் துறை முதலில் தொழில்நுட்ப அனுமதி தர வேண்டும். டிடிசிபி அப்ரூவல் என்று ஊரில் சொல்வது அதைத்தான். அதை வைத்துத்தான் உள்ளாட்சி இறுதி அனுமதி தரும். டிடிசிபி அனுமதி எண்ணும் வருடமும் வரைபடத்தின் மேலேயே இருக்கும். அதே எண் அனுமதிக் கடிதத்திலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்வே எண்கள், மொத்த மனை எண்ணிக்கை, பூங்கா இடம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று: சேலம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிந்தைய தேதியில் பழைய தலைவர் கையெழுத்து இருந்தால் அந்தக் காகிதத்தை அங்கேயே கீழே வைத்துவிடுங்கள்.

அனுமதியில்லாத மனையைப் பத்திரம் போட முடியாமல் போனது 2016-இல். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அந்த வருடம் அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவான மனைக்கு மட்டும் வழி உண்டு. அனுமதியில்லாத மனையை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறை விதிகளும் இதே தேதியைத்தான் கெடுவாக வைத்தன. ஆகவே போன வருடம் கல் நட்ட காட்டைக் காட்டி "ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டியது ஒன்றுதான்: "2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி இந்த லேஅவுட்ல பதிஞ்ச ஒரு மனைப் பத்திரம் காட்டுங்க." பதில் வராது. பழைய லேஅவுட்டாகவே இருந்தாலும், லேஅவுட்டுக்குக் கிடைத்த கொள்கை ஒப்புதல் வேறு, உங்கள் மனைக்குப் பணம் கட்டி வாங்கும் வரன்முறை ஆணை வேறு. முன்னதைக் காட்டிப் பின்னது முடிந்ததாகச் சொல்வது வழக்கமான வித்தை.

அடுத்தது ஒரு விண்ணப்ப ரசீது. அனுமதி கேட்டதற்கு அத்தாட்சி, கிடைத்ததற்கு இல்லை. தள்ளுங்கள்.

மூன்றாவது, "ரெரா ரிஜிஸ்டர்டு" என்று தடித்த எழுத்தில் ஒரு சான்றிதழ் நகல். ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். எண்ணைப் படித்தால் நடுவில் "ஏஜென்ட்" என்று இருக்கிறது. விற்பவர் தரகராகப் பதிவு செய்திருக்கிறார், அவ்வளவுதான். மனைப்பிரிவுக்குத் தனிப் பதிவெண் வேண்டும். 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. நம் கணக்கில் 500 சதுர மீட்டர் என்பது 12 சென்ட்டுக்குச் சற்று மேல். அதனால்தான் ஒரே காட்டைப் பத்துப் பத்து சென்ட்டாகப் பிரித்து, அண்ணன் பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று போடுகிறார்கள். பூங்கா விஷயத்திலும் இதே கதை. 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடம் விட வேண்டும், அல்லது அதற்கு ஈடான பணம் கட்ட வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 74 சென்ட். எழுபது சென்ட்டில் நிறுத்திவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் "ஃபேஸ் டூ" தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

நான்காவதுதான் நன்றாக ஏமாற்றியது: வில்லங்கச் சான்று, அதாவது ஈசி. ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல் அது. சுத்தமாக இருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரான விவசாயி பெயரைத் தவிர ஒரு வரி இல்லை. "பாருங்கக்கா, ஈசி கிளீன்" என்று காட்டினார்கள். கெட்ட சேதியே அதுதான். விற்பவருக்கு அந்த நிலத்தில் பதிவான உரிமை இருந்தால் அவர் பெயர் அதில் வந்திருக்க வேண்டும். கிரயமும் இல்லை, பதிந்த ஒப்பந்தமும் இல்லை, பதிந்த பவரும் (சொந்தக்காரர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) இல்லை. விவசாயியிடம் முத்திரைத்தாளில் ஓர் அக்ரிமென்ட் எழுதி அட்வான்ஸ் கொடுத்ததோடு சரி. வில்லங்கம் பார்க்கும்போது யார் பெயர் இருக்கிறது என்பதோடு, யார் பெயர் இல்லை என்பதையும் பாருங்கள். பதிமூன்று வருடம் போதாது, முப்பது வருடம் எடுங்கள். உட்பிரிவு எண்ணுக்கும் தாய் சர்வே எண்ணுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் செலவில்லாமல் பார்க்கலாம். பதியாத உயில், நிலுவையில் உள்ள வழக்கு, பாகம் பிரிக்காத வாரிசுகள், இதெல்லாம் அதில் தெரியாது.

ஐந்தாவது பவர் பத்திரம், நோட்டரி முத்திரையோடு. நிலத்தை விற்கும் பவரைத் தமிழ்நாட்டில் பதிய வேண்டும். நோட்டரி போதாது. போதாக்குறைக்கு, பவர் கொடுத்த பெரியவர் முப்பதாவது தவணை சமயத்தில் இறந்துவிட்டார். கொடுத்தவர் இறந்த நொடியே பவர் செத்துப்போகும். அதற்குப் பிறகு வாங்கிய முப்பது தவணைக்கும் விற்பவர் கையில் எந்த அதிகாரமும் இல்லை. பிதுரார்ஜித சொத்தில் மகளுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. இப்போது இரண்டு மகள்களும் "நாங்கள் யாருக்கும் விற்கவில்லை" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தப்பு இல்லை.

ரசீதுக் கட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பதினான்கு ரசீதில் "மனை எண் 27, முன்பணம்" என்று இருக்கிறது. பதினைந்திலிருந்து "திட்ட உறுப்பினர் சந்தா" என்று மாறிவிட்டது. மனை எண்ணே காணோம். தலைப்பில் நிறுவனத்தின் பெயரோடு "அண்ட் கோ" சேர்ந்திருக்கிறது. அதாவது பணத்தை வாங்கியவர் வேறு ஆள். பின்பக்கம் பொடி எழுத்தில், "தவிர்க்க இயலாத சூழலில் வேறு இடத்தில் மனை வழங்கப்படும்." ஒரு தீபாவளிக்கு, ஐந்து தவணையை முன்கூட்டியே கட்டினால் சலுகை என்று 40,000 ரொக்கமாக வாங்கியிருக்கிறார்கள். ரசீது மூன்று: 19,000, 19,000, 2,000. நிலம் வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. அதற்குத்தான் இந்தக் கூறு. அப்படிப் பிரித்து ரசீது போட்டாலே விற்பவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

இதில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 4,80,000-க்கு 10 சதவீதம் 48,000. எட்டாயிரம் வீதம் ஆறு தவணை. ஏழாவது தவணை கேட்கும்போது சார்பதிவகத்தில் ஒப்பந்தம் பதிந்து தரச் சொல்லுங்கள். தருகிறவர் தருவார். "அதெல்லாம் கடைசியில" என்றால் ஆறோடு நின்றுவிடும். நஷ்டம் 48,000, அதையும் கேட்டு வாங்க வழி உண்டு.

கடைசியில் இந்த ஃபைலுக்குச் சொந்தக்காரருக்குத் தர முன்வந்தது என்ன தெரியுமா? புஞ்சை நிலத்தில் பிரிக்கப்படாத பாகமாக மூன்று சென்ட். முதலில் அளவைப் பாருங்கள்: ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 1,200 சதுர அடி என்றால் இரண்டே முக்கால் சென்ட்தான். மூன்று என்று சொல்லும்போது கூடக் கொடுப்பது போலத் தெரியும். ஆனால் அந்த மூன்றில் பாதை, மூலை எல்லாம் அடக்கம். இப்படிப் பிரிக்கப்படாத பாகமாகப் பதிந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க முடியாது. கட்டட அனுமதி கிடைக்காது. வங்கி பக்கமே போக முடியாது. நாலு எல்லை காட்ட முடியாத இடத்தில் கல் எங்கே நடுவது?

அதற்குள் முப்பது நாற்பது பேர் வீடு கட்டிக் குடியும் வந்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். அப்போதுதான் அடுத்த சிக்கல். முறையான லேஅவுட்டில் சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்திருப்பார்கள். இங்கே அது இல்லை. சாலை இன்னும் விவசாயியின் பட்டாவில் இருக்கிறது. மனு கொடுத்தால் "ரோடு எங்களுக்கு ஒப்படைக்கப்படவில்லை" என்ற ஒரே வரி பதில்தான் வரும். தெருவிளக்கு இல்லை, சாக்கடை இல்லை, குடிதண்ணீர் லாரியில். ஏரியாவில் யார் ஜெயித்து வந்தாலும் தனியார் பட்டாவில் அரசுப் பணத்தில் தார் ஊற்ற முடியாது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய பிரமுகர் படம் நோட்டீஸில் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தப் படத்துக்கு டிடிசிபி எண் கிடையாது. "அடுத்த வருஷம் மாநகராட்சியில சேர்ந்துடும், எல்லாம் சரியாயிடும்" என்பதும் அப்படித்தான். மாநகராட்சி எல்லைக்குள் வந்தாலும் அனுமதியில்லாத மனை அனுமதியில்லாத மனைதான், வரி வேண்டுமானால் ஏறும். காலி மனை வரி ரசீதும் உரிமைப் பத்திரம் இல்லை.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வருவாய்த் துறை இணையதளத்தில் சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் இறக்குங்கள். நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டில் ஓடை, வண்டிப்பாதை, அனாதீனம் (யாரும் உரிமை கோராத நிலம்), நிபந்தனை ஒப்படை (அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம்) என்று ஏதாவது இருந்தால் வேண்டாம். பஞ்சமி நிலம் பட்டியலினத்தவரல்லாதவர் பெயருக்கு வராது, எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. வழிகாட்டி மதிப்பு பூஜ்யம் என்று காட்டினால் கோயில் நிலமாகவோ அரசு நிலமாகவோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டில் நடங்கள். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஏரிகளுக்குப் போகும் வழியில் பல இடங்களில் இப்போது வெள்ளைக் கல் நிற்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் திருமணிமுத்தாறு கரை புரண்டதே, அப்போது இந்தக் காட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து தோட்டத்துக்காரரைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். தரகர் இல்லாத நேரத்தில் போய்க் கேளுங்கள்.

ஏற்காட்டில் "காப்பித் தோட்டத்துக்குள் பத்து சென்ட்" என்று வருவது தனி வகை. மலையில் மனை பிரிக்கவும் கட்டடம் கட்டவும் கூடுதல் அனுமதிகள் வேண்டும். பழங்குடியினருக்கு ஒப்படைத்த நிலத்தை ஆட்சியர் அனுமதியின்றி வாங்கினால் செல்லாது. தோட்டப்பயிர் என்று நில உச்சவரம்புச் சட்டத்தில் விலக்கு பெற்ற நிலத்தைத் துண்டு போட்டால் அந்த விலக்கே கேள்விக்குள்ளாகும். கீழே தவணையில் போனது சில லட்சம் என்றால் மேலே அதைவிடப் பெரிய தொகை போகிறது.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு. தவணையை நிறுத்துங்கள், ஆனால் வாயால் சொல்லி நிறுத்தாதீர்கள். அனுமதி எண், ரெரா லேஅவுட் எண், பத்திரத் தேதி மூன்றையும் கேட்டு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். இல்லையென்றால் "தவணை தவறியதால் ரத்து" என்று அவர்கள் முந்திக்கொள்வார்கள். பிறகு தமிழ்நாடு ரெராவில் புகார். மனைப்பிரிவு பதிவே ஆகவில்லை என்பதும் புகாருக்கான காரணம்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருடக் கெடு உண்டு. பலர் சேர்ந்து ஏமாந்திருந்தால் காவல்துறையில் சேர்ந்தே புகார் கொடுங்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி பட்டியல் இணைத்து. தனியாகப் போனால் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது.

சமரசத்துக்குக் கூப்பிடுவார்கள். பின்தேதியிட்ட காசோலை கொடுத்து ஒரிஜினல் ரசீதுகளைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். காசோலை மாறும்வரை நகல் மட்டும் காட்டுங்கள். மெஷினில் அடித்த வழவழப்பான ரசீதாக இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் எழுத்து இரண்டு மூன்று வருடத்தில் மங்கிவிடும். இந்த ஃபைலிலேயே முதல் ஆறு ரசீதில் எழுத்து இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது.