முந்திரித் தட்டும் இஷ்யூ ட்ரீயும்: இரண்டரை வருட அனுபவம்

கன்சல்டிங் (நிறுவனங்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்லும்) வேலைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தபோது புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையின் திட்டமிடல் பிரிவில் இருந்தேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். தினமும் பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில்தான் ஒரு சிக்கலை முறையாகப் பிரித்துப் பார்க்கும் பயிற்சியைத் தொடங்கினேன். ஒரு பெரிய கேள்வியைச் சின்னக் கேள்விகளாகக் கிளை பிரித்து வரையும் படத்துக்கு இஷ்யூ ட்ரீ என்று பெயர், நான் மரம் என்பேன். இரண்டரை வருடத்தில் எழுபது கேஸ்களுக்கு மேல், அதாவது நேர்முகத் தேர்வில் கேட்கும் மாதிரித் தொழில் சிக்கல்களை, செய்துவிட்டேன். இப்போது சென்னையில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் எட்டு மாதமாக வேலை. இதைக் கற்க நினைக்கும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள், அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் தப்பான வழியில் போனேன். 18,000 ரூபாய் கட்டி ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். லாபம் குறைந்தால் இந்த வரைபடம், புதுச் சந்தையில் இறங்க அந்த வரைபடம் என்று தயார் அச்சுகளாகக் கொடுத்தார்கள். ஒரு துறையின் போட்டியை அலச மைக்கேல் போர்ட்டர் 1979இல் முன்வைத்த ஐந்து விசைகள், சந்தை வளர்ச்சியையும் பங்கையும் வைத்துத் தொழில்களைப் பிரிக்கும் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் நான்கு கட்டங்கள், எல்லாம் மனப்பாடம். முதல் நேர்முகத் தேர்வில் ஒரு மருத்துவமனையில் புறநோயாளிகள் காத்திருக்கும் நேரம் ஏன் கூடிவிட்டது என்று கேட்டார்கள். நான் வரவு, செலவு, போட்டி என்று எழுதத் தொடங்கினேன். "சீட்டு போடுவதிலிருந்து மருந்து வாங்குவது வரை ஒரு நோயாளி எங்கெல்லாம் வரிசையில் நிற்பார்?" என்று தேர்வாளர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே மரம் முழுக்க இருந்தது. எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் அச்சுகளை மூட்டை கட்டியது அன்றுதான்.

மீஸ் என்று ஒரு சொல் இந்தத் துறையில் அடிக்கடி வரும். கிளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, எதுவும் விடுபடவும் கூடாது என்பது அதன் பொருள். படித்தபோது புரிந்த மாதிரி இருந்தது, எழுதும்போது வரவில்லை. பண்ருட்டிப் பக்கம் மாமா வைத்திருக்கும் முந்திரிப் பட்டறையில் பருப்பு தரம் பிரிக்கும் மேசை அருகே ஒரு நாள் நின்றேன். முழு, பாதி, துண்டு, குருணை என்று தனித்தனித் தட்டுகள். ஒரு பருப்பு இரண்டு தட்டில் விழ முடியாது, எந்தத் தட்டிலும் சேராமல் தரையில் கிடக்கவும் கூடாது. அங்கே உட்காரும் அக்காக்களுக்கு இந்தச் சொல் தெரியாது, நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மரம் போட்டதும், தட்டு இல்லாத பருப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன்.

சரியான எண் கையில் இல்லாதபோது ஊகித்துப் போடும் கணிப்புக் கணக்குக்கு எங்கள் தெருமுனை டீக்கடை போதுமாக இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை டீ? மாலைக் கூட்டத்தைப் பார்த்து மணிக்கு 60 என்று எடுத்து, 12 மணி நேரத்தால் பெருக்கி 720 என்றேன். அப்புறம் பால் பக்கமிருந்து வந்தேன். 30 லிட்டர், லிட்டருக்கு 12 டீ, 360. கடைக்கார அண்ணனைக் கேட்டால் "நானூறு வரும்மா" என்றார். கூட்டமான ஒரு மணி நேரத்தை நாள் முழுக்க நீட்டியதுதான் என் பிழை. இரண்டு வழியில் கணக்குப் போட்டு மோத விடாமல் எந்த எண்ணையும் இப்போது நான் நம்புவதில்லை.

சரி, உண்மையான பரீட்சை மாமாவின் பட்டறையில்தான் நடந்தது. "இந்த வருஷம் கையில ஒண்ணும் நிக்கல, கூலிதான் தின்னுடுச்சு" என்று மாமா சொன்னார். நான் பெருமையாக ஒரு மரம் வரைந்து காட்டினேன். சந்தை, வாடிக்கையாளர், போட்டியாளர், நிறுவனம். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "பாப்பா, இதுல என் கொட்டை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

திரும்ப வரைந்தேன், இந்த முறை தமிழில். வரவு என்றால் ஒவ்வொரு தரத்திலும் எத்தனை கிலோ, கிலோ என்ன விலை. செலவு என்றால் பச்சைக் கொட்டை, கூலி, விறகு, கரண்ட், வட்டி. பழைய பில்களை எடுத்து நிரப்பினோம். விலை பெரிதாக மாறவில்லை. நூறு கிலோ பருப்புக்குக் கூலி 500 ரூபாய் கூடியிருந்தது. ஆனால் அதே நூறு கிலோவில் முழுப்பருப்பு 72 கிலோவிலிருந்து 61 கிலோவாக இறங்கியிருந்தது. முழுப்பருப்புக்கும் உடைசலுக்கும் அன்றைக்குக் கிலோவுக்கு 150 ரூபாய் வித்தியாசம். 11 கிலோவுக்கு 1,650 ரூபாய். கூலி உயர்வைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

உடைசல் எங்கே கூடுகிறது? இரண்டு வாரம் சனி, ஞாயிறுகளில் தராசோடு உட்கார்ந்தேன். கொட்டை உடைத்த பிறகு, உலர்த்திய பிறகு, தோல் உரித்த பிறகு என்று மூன்று இடத்தில் நிறுத்தோம். உடைக்கும் மெஷினிலேயே பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் தோப்புகளைச் சாய்த்ததிலிருந்து மாமா ஆப்பிரிக்கக் கொட்டையையும் சேர்த்து வாங்குகிறார். முன்பெல்லாம் அளவு வாரியாகச் சலித்துத்தான் மெஷினுக்குப் போகும். சல்லடை பழுதாகி ஆறு மாதமாக மூலையில் கிடந்தது. பெரிதும் சிறிதும் கலந்து போனால் கத்தி ஓட்டோடு பருப்பையும் வெட்டிவிடும். "வியாபாரம் நஷ்டம்" என்ற கேள்வி "சல்லடை எப்போது சரியாகும்" என்ற கேள்வியாகச் சுருங்கியபோது எனக்கு வந்த சந்தோஷம் எந்தப் பயிற்சிக் கேஸிலும் வந்ததில்லை.

முடிவை முதலில் சொல்லும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். 1963இல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த பார்பரா மின்ட்டோ வகுத்தது, பிரமிடு முறை என்பார்கள். விடை உச்சியில், காரணங்கள் அதன் கீழே, ஆதாரம் அடியில். அலுவலகத்தில் இது என்னை வேறு ஆளாக மாற்றியது. நான்கு பக்க மின்னஞ்சல் நாலு வரியானது. ஆனால் மாமாவிடம் எடுத்த எடுப்பில் "கூலி இல்ல மாமா, சல்லடைதான்" என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடம் தொழில் செய்தவரிடம் அப்படித் தொடங்கியிருக்கக் கூடாது. மறுநாள் எடை நோட்டை மட்டும் அவர் முன்னால் வைத்தேன். அவரே விரலை ஓட்டிப் பார்த்து, சல்லடை என்றார். யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துப் பிரமிடைத் தலைகீழாகவும் வைக்கலாம் என்பது என் கருத்து.

செலவைப் பொறுத்தவரை, மெக்கின்சி, பாஸ்டன் கன்சல்டிங், பெய்ன் என்ற மூன்று ஆலோசனை நிறுவனங்களும் தங்கள் தளங்களிலேயே மாதிரிக் கேஸ்களை இலவசமாக வைத்திருக்கின்றன. அவையும் ஒரு கோடு போடாத நோட்டும் போதும். ஆனால் கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். நானும் என் தோழியும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் சத்தமாக யோசிப்போம். தனியாகச் செய்த இருபது கேஸை விட அவளோடு செய்த ஐந்து அதிகம் கற்றுத் தந்தது. நான் அவசரப்பட்டு வரையத் தொடங்கினால் அவள் பேனாவைப் பிடுங்கி, "கேள்வி என்னன்னு முதல்ல திருப்பிச் சொல்லு" என்பாள். கால்குலேட்டர் இல்லாத சதவீதக் கணக்குக்குத் தினமும் பதினைந்து நிமிடம் பஸ்ஸிலேயே.

சல்லடை சரியான பிறகு முழுப்பருப்பு 69 கிலோ வரை ஏறியிருக்கிறது. மீதி மூன்று கிலோவுக்குக் கொட்டையின் ஈரப்பதம் காரணமாக இருக்கலாம் என்பது மாமாவின் சந்தேகம். அடுத்த லோடு வரும்போது தராசோடு வரச் சொல்லியிருக்கிறார்.