போலியோ நுண்நடுநிலையாக்கல் சோதனை: ஓர் ஆய்வக மதிப்புரை

போலியோ தடுப்பு மருந்து பச்சிளங்குழந்தையின் உடலில் வேலை செய்ததா என்பதை அறியப் பல ஆய்வக முறைகள் இருந்தாலும், நான் முழு நம்பிக்கையோடு பரிந்துரைப்பது, இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் (நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) வைரஸை முடக்குகிறதா என்று பார்க்கும் நுண்நடுநிலையாக்கல் சோதனையைத்தான். எலிசா என்னும் இன்னொரு எதிர்ப்பொருள் சோதனை விரைவில் முடிவு தந்துவிடும். ஆனால் எதிர்ப்பொருள் வைரஸோடு ஒட்டுகிறது என்பதைச் சொல்லுமே தவிர, வைரஸை முடக்குகிறதா என்பதைச் சொல்லாது.

56 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சூடாக்கிய சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மம்) 8 மடங்கில் தொடங்கி 1024 மடங்கு வரை இரட்டிப்பாக நீர்க்கச் செய்து, 96 குழிகள் கொண்ட தட்டில் இட்டு, அளந்தெடுத்த சாபின் வைரஸையும் (சொட்டு மருந்தில் உள்ள, வீரியம் குறைத்த போலியோ வைரஸ்), சில மணி நேரம் கழித்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹெப்-2 என்னும் மனித செல்களையும் சேர்த்து, ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றிக் கழுவியதும், எதிர்ப்பொருள் காப்பாற்றிய குழிகளில் ஊதா நிறம் நிற்கும். வைரஸ் செல்களைக் கொன்றுவிட்ட குழிகள் வெறுமையாகத் தெரியும். இதற்கு மிகக் குறைந்த சீரமே போதும் என்பது, ஆறு வாரக் குழந்தையிடம் இரத்தம் எடுத்தவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும்.

முடிவைப் படிப்பதில்தான் கவனம் தேவை. எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் சீரம் செல்களைக் காப்பாற்றுகிறதோ, அந்த எண்ணே எதிர்ப்பொருளின் அளவு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ 28 நாளுக்கொருமுறை பாதியாகக் குறையும். தடுப்பு மருந்துக்கு முன் 64 என்றிருந்த அளவு, மருந்து பலிக்காவிட்டால் 56 நாளில் 16 ஆகியிருக்க வேண்டும். அப்போதும் 64 என்றே இருந்தால், எண் மாறாவிட்டாலும் எதிர்பார்த்ததைவிட நான்கு மடங்கு இருக்கிறது, அதாவது மருந்து பலித்திருக்கிறது. ஆகவே மருந்துக்கு முந்தைய முதல் மாதிரி எடுக்காமல், பிந்தைய இரண்டாவதை மட்டும் அனுப்புவதில் பெரிய பயனில்லை. இரண்டையும் ஒரே சுற்றில் சோதிக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம், சுற்றுக்குச் சுற்று அளவுகள் சற்று மாறும்.

உயிருள்ள வைரஸ் தேவைப்படுவது இதன் பெருங்குறை. 2016 ஏப்ரலில், போலியோ வைரஸின் மூன்று வகைகளில் இரண்டாம் வகை சாபின் வைரஸ் வழக்கமான சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்ட பின், அதைக் கையாளக் கடுமையான பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன.

குடலின் எதிர்ப்பாற்றலையும் இந்தச் சோதனை காட்டாது. அதற்கு மலப் பரிசோதனைதான் வழி. சொட்டு மருந்து பெற்றிருந்த ஒன்று முதல் நான்கு வயதுள்ள 450 குழந்தைகளிடம் வேலூரில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒரு தவணை ஊசி மருந்து போட்டவர்களும் போடாதவர்களும் பின்னர் சொட்டு மருந்து பெற்று, ஒரு வாரத்தில் மலம் சோதிக்கப்பட்டபோது, மூன்றாம் வகை வைரஸை வெளியேற்றியோர் ஊசி போடாதவர்களில் 26 விழுக்காடு, போட்டவர்களில் 8 விழுக்காடு. குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்ததா என்பது கேள்வியானால் சீரத்தை அனுப்புங்கள். வைரஸ் பிறருக்குப் பரவுமா என்பது கேள்வியானால் மல மாதிரியையும் சேர்த்து அனுப்புங்கள்.