சேலத்தில் மூன்று வாரம்: அப்பாவின் குறட்டையும் சிறுநீர்ப் பரிசோதனையும்

சிட்னியிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து பஸ்ஸில் சேலம். வந்த அன்று ராத்திரி நேரம் மாறிப்போனதில் தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் அப்பாவின் குறட்டையை முழுசாகக் கேட்டேன். நன்றாக இரைந்துகொண்டே போய் சட்டென்று நின்றுவிடும், நான் மனசுக்குள் பதினைந்து, இருபது எண்ணுவேன், அப்புறம் மூச்சுத் திணறியது மாதிரி ஒரு உலுக்கலோடு மறுபடி ஆரம்பிக்கும். அம்மாவிடம் சொன்னால், "அசந்து தூங்குறாரு கண்ணு, விடு" என்கிறார். ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போவதற்குக் காரணம் சர்க்கரை என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஐந்து ரோடு சிக்னலில் ஸ்கூட்டரில் நிற்கும்போதே கண் சொக்குவது மட்டும் யாருக்கும் தெரியாது, அதை என்னிடம்தான் சொன்னார்.

முதலில் ஃபைல். இரண்டு வருடமாக ஒரு லேபில் 'முழு உடல் பரிசோதனை' எடுத்திருக்கிறார். தைராய்டு, வைட்டமின் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் கசிகிறதா என்று பார்த்த சீட்டு ஒன்றுகூட இல்லை. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.1, அதனால் கிட்னி நல்லா இருக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கிரியேட்டினின் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும், சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகம் லேசாகக் கசிய ஆரம்பிப்பதை முதலில் காட்டுவது பெரும்பாலும் அந்த ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம்தான். 30க்குக் கீழே இருக்க வேண்டும். சில நூறு ரூபாய் வேலை. மறுநாள் காலை ஆறு மணிக்கே பையன் வீட்டுக்கு வந்து முதல் சிறுநீரை வாங்கிப் போனான், சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது: 86. இந்த வேகத்தை நான் சிட்னியில் பார்த்ததில்லை.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனையும் வீட்டிலேயே. ராத்திரி எட்டு மணிக்கு ஒருவர் வந்து மார்பில் பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் கிளிப் எல்லாம் மாட்டிவிட்டுப் போனார். மணிக்கு ஐந்து முறைக்குக் கீழே மூச்சு தடைப்பட்டால் பரவாயில்லை, 30ஐத் தாண்டினால் தீவிரம். அப்பாவுக்கு 34.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பார்த்த டாக்டர் அவசரப்படாமல் பேசினார். மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, உடம்பு பதறிப்போய் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ஏற்கெனவே சர்க்கரையால் நைந்துபோன சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் இந்த அடியை ராத்திரி முழுக்க வாங்குகின்றன. மூச்சுக்காகத் திணறும்போது இதயம் இழுபட்டு, சிறுநீரை அதிகமாக்கும் ஒரு ஹார்மோனைச் சுரக்குமாம். நாலு தடவை எழுந்ததில் பாதிப் பழி அதன்மேல். பிரஷர் மாத்திரையை மாற்றினார், முட்டி வலிக்குக் கடையில் தானே கேட்டு வாங்கிப் போட்ட வலி மாத்திரையைக் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னார்.

தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதை அடைபடாமல் வைக்கும் சிபாப் மெஷின் போட்டால் கிட்னி பிழைக்குமா என்று நேராகவே கேட்டேன். "அது இன்னும் உறுதியாகலைம்மா, பிரஷருக்கும் பகல் தூக்கத்துக்கும் உதவும், அதுக்காகப் போடலாம்" என்றார். மெஷின் விற்க வந்தவரோ கிட்னி, இதயம், சர்க்கரை எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துவிட்டார். வாங்காமல் மாத வாடகைக்கு எடுத்தோம். (1981இல் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் காலின் சல்லிவன், எங்கள் சிட்னிக்காரர் என்று நான் பெருமையடிக்க, அப்பா "அப்ப நீயே மாட்டிக்க" என்றார்.)

முதல் மூன்று ராத்திரி நரகம். முகமூடி பெரிய அளவு, காற்று கசிந்து கண்ணில் அடித்தது. மெஷினில் ஊற்றுவதற்குக் காய்ச்சி வடித்த நீர் கேட்டால் நாலு மருந்துக்கடையில் முழித்தார்கள். கரண்டு போனால் மெஷின் நின்றுவிடும், அதனால் இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் இழுக்க எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டியிருந்தது. சின்ன முகமூடி வந்த பிறகுதான் வழிக்கு வந்தார்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஏற்காட்டில் அத்தை வீட்டுக்குப் போனோம். வழக்கமாக அடிவாரத்திலேயே தலை தொங்கிவிடும் மனிதர், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் விழித்திருந்து டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். பாவம் டிரைவர்.

ஒரு தடவை 86 வந்ததை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, காய்ச்சல் இருந்தால்கூட ஏறும் என்பதால் மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். லேபில் தேதி சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவின் ஒரே நிபந்தனை, அந்தச் சிறுநீர் டப்பாவைப் போன தடவை மாதிரி வாசல் திண்ணையில் வைக்கக் கூடாதாம்.